என் மகள் என்னிடம் சொல்லாதது

1

போன மாதம் என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது முடிந்தது. மறுவாரம் அவளுடைய தோல் களிம்புக்கு மறுபடி சீட்டு எழுதிவாங்க, எங்கள் டாக்டர் அலுவலகத்தின் செயலியைக் கைபேசியில் திறந்தேன். என் பெயருக்குக் கீழே எப்போதும் இருக்கும் அவள் பெயரைக் காணவில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து வரவேற்பறைக்குப் போன் செய்தேன்.

"கோளாறு இல்லை. அவளுக்குப் பதினாறு ஆகிவிட்டது. இனி அவளுடைய மருத்துவ விவரங்களை அவள்தான் பார்ப்பாள்" என்றாள் அந்தப் பெண். பிறகு, "எல்லா அப்பாக்களும் போன் செய்வார்கள்" என்றாள்.

இந்த ஊருக்கு வந்து எட்டு வருடமாகிறது. வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். மழை பெய்யாத நாளில் ஜனங்கள் அதைப் பற்றியே பேசிக்கொள்வார்கள். என் மனைவி மல்லிகா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய விசாவில்தான் நானும் மகளும் வந்தோம். அதற்கு முன் மஸ்கட்டில் இருந்தேன். இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் மேற்பார்வை. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் ஈஸ்ட் வாசனை அடிக்கும்.

இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். சில நாள் கழித்துத்தான் பதில் சொன்னாள். "எல்லார் பேரையும் மாத்துங்க. காரணம் எதுவும் எழுதாதீங்க."

பெயர்களை மாற்றிவிட்டேன். காரணம் எனக்குத் தெரியாது. அதனால் எழுதவும் ஒன்றுமில்லை.

2

அவளுக்குப் பதினான்கு நடந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மாணவர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஆசிரியை. தொழிற்சாலையின் இரைச்சலுக்குள் நின்று கேட்டேன். யாழினி என்றார், கவலை என்றார், கட்டிங் என்றார். நம் ஊரில் கட் அடிப்பது என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். வகுப்புக்குப் போகாமல் எங்கேயோ சுற்றியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மன்னிக்கவும் மேடம். இனி செய்யமாட்டாள். வீட்டில் நான் கண்டிக்கிறேன்" என்றேன்.

பிறகு அந்த அம்மா மிக மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உங்கள் மகள் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள். தயவுசெய்து கண்டிக்காதீர்கள். உடனே வாருங்கள்.

தலையில் போட்டிருந்த வலைத்தொப்பியைக் கழற்றாமலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். யாழினி அதைத்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, தலை" என்றாள். அன்று அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

சில வாரங்களில் மனநலச் சிகிச்சையாளர் ஒருவர் கிடைத்தார். ஹெலன் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதிருக்கும், கம்பளிச் சட்டை போட்டிருந்தார். முதல் சந்திப்பில் மூன்று பேரையும் உட்காரவைத்து விளக்கினார். இந்த அறையில் யாழினி பேசுவது அறைக்குள்ளேயே இருக்கும். அவள் உயிருக்கு ஆபத்து என்றோ, யாராவது அவளுக்குத் தீங்கு செய்கிறார்கள் என்றோ எனக்குத் தோன்றினால் மட்டும் வெளியே சொல்வேன். அப்போதும் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் சொல்வேன்.

"நான் அவளுடைய அப்பா" என்றேன்.

"ஆமாம்" என்றார் ஹெலன்.

அப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் மகளைக் கூட்டிப்போவது என் வேலையானது. அவள் உள்ளே போவாள், கதவு மூடும். நான் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். வெளியே வரும்போது சில நாள் கண் சிவந்திருக்கும். சில நாள் ஹெலனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு வருவாள். எனக்கு அந்தச் சிரிப்புதான் அதிகம் வலித்தது. வீட்டில் அவள் சிரித்து நாளாகியிருந்தது.

வீட்டில் மல்லிகாவிடம் கத்தினேன். "பெத்தவங்களுக்குச் சொல்லமாட்டாங்களாம். இது என்ன நாடு?"

மல்லிகா பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, "எங்க வார்டுல படுத்திருக்கிற ஒருத்தரப் பத்தியாச்சும் நான் ஒங்ககிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கேனா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப அந்த அம்மாவும் சொல்லமாட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பருப்புச் சட்டியின் முன்னால் நின்று அழுதாள். அந்த அம்மா செய்வது சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது அவளுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

3

ஊரில் என் அண்ணன் ராசு. குளத்தூர்ப் பக்கம் போர் போட்டு கடலையும் கரும்பும் விவசாயம். வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன்.

கான்பிடென்ஷியல் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அவ பேசுறத ரகசியமா வச்சிருக்காங்கண்ணே" என்றேன்.

"ரகசியமா? என்னடா ரகசியம்? யாரையும் விரும்புதா புள்ள?"

"அது இல்லண்ணே."

"பெறகு என்ன ரகசியம்?"

தமிழில் அந்தச் சொல்லைத் தேடித்தேடிப் பார்த்தேன். ரகசியம் என்றால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. அகராதியில் இருக்கும் சொற்களை அண்ணனிடம் சொல்ல முடியாது. ஒருவர் மனதில் இருப்பதை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொண்டு அவருக்காகவே காப்பாற்றுவதற்கு நம் வீடுகளில் சொல் இல்லை. செய்யாததால் சொல் இல்லையா, செய்தும் பெயர் வைக்கவில்லையா என்று தெரியவில்லை.

அண்ணன் மகன் கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தத்தில் வைத்திருந்தது. பள்ளி விடுமுறைக்குப் போவது என்று முடிவானதும் அண்ணன் சொன்னார்: "இங்கிட்டு வாங்க. நம்ம பங்காளி வீட்டுப் புள்ள ஒண்ணு புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில இந்த வேலைதான் பாக்குது. தேன்மொழின்னு. மனசு சம்பந்தப்பட்டதெல்லாம் நல்லாப் பாக்குமாம். நம்ம புள்ள, ஒளிக்காமச் சொல்லிரும்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் யாழினியிடம் கேட்டேன். மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழ்ல பேசுவாங்களா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப ஓகே. ஹெலன்கிட்ட பெரியப்பான்னா யாருன்னு சொல்லவே அரை மணி நேரம் ஆகுது."

4

ஆடி முடியாத வெயில். திருச்சியிலிருந்து காரில் வரும்போது நார்த்தாமலைப் பாறைகள் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. யாழினி முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். வந்த நாளிலிருந்து பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வி. "இந்த வேக்காட்டுல எதுக்கும்மா முழுக்கை?" அவளும் ஒரே பதில் சொன்னாள். "சன் அலர்ஜி." வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் நம்பினார்கள்.

புதுக்கோட்டைக்கு நானும் அண்ணனும் கூட்டிப்போனோம். தேன்மொழிக்கு முப்பது வயது இருக்கும். காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. அறை வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். எங்களைப் பார்த்ததும் தேன்மொழி எழுந்து வெளியே வந்தது.

"சொந்தக்காரங்களப் பாக்கக்கூடாதுங்க, எங்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கு" என்றது. பிறகு யாழினியிடம் திரும்பி, "இங்க வேற ஆள் இல்ல. நீ ஊருக்குப் போற வரைக்கும் எங்கிட்டப் பேசுறேன்னா பேசலாம். வேண்டாம்னாலும் தப்பில்ல. ஒனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டது.

"பேசுறேன்" என்றாள் யாழினி.

ஒரு மணி நேரம். வேப்ப மரத்தடியில் நானும் அண்ணனும் டீ குடித்தோம், மறுபடி குடித்தோம். யாழினி வெளியே வந்து காருக்குப் போனதும் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். நானும் பின்னால் நின்றேன்.

"என்னம்மா சொல்லுச்சு புள்ள?"

"நல்லாப் பேசுச்சு பெரியப்பா."

"அது சரி. என்ன பேசுச்சு?"

"அத நான் சொல்லக்கூடாது பெரியப்பா."

அண்ணன் சிரித்தார். "வெளியாளுகிட்டச் சொல்லாத. இவன் பெத்த அப்பன். நான் பெரியப்பன். எங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன?"

தேன்மொழி நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களை உட்காரச் சொன்னது. "வீட்டுல எப்படிப் பாத்துக்கிறணும், என்ன கேக்கலாம், என்ன கேக்கக்கூடாதுன்னு எல்லாம் சொல்றேன். கையக் காட்டுன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க. ஆனா அவ எங்கிட்டச் சொன்னது அவளோடது. அவ உசுருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டுச்சுன்னா நானே ஒங்களத் தேடி வருவேன். அதையும் அவகிட்ட மொதல்ல சொல்லிட்டுத்தான் வருவேன்."

ஹெலன் சொன்னது அப்படியே. இங்கிலாந்தில் கேட்டபோது அது வெள்ளைக்காரர்களின் சட்டம் என்று என்னால் கோபப்பட முடிந்தது. புதுக்கோட்டையில், மின்விசிறி கிரீச்சிடும் அறையில், எங்கள் பங்காளி வீட்டுப் பெண் எங்கள் பேச்சில் சொன்னபோது கோபப்பட இடமில்லாமல் போனது. ஏதோ ஒன்றுக்காக அவ்வளவு தூரம் வந்து, அது இங்கேயும் கிடையாது என்று கேட்டவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுக்குக் கோபப்பட இடமிருந்தது. "ஒங்கப்பாகிட்டப் பேசிக்கிறேன்" என்று எழுந்தார். அன்று சாயங்காலமே பேசினார். தேன்மொழியின் அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், அண்ணனுக்கு வேண்டியவர். மகளைக் கூப்பிட்டு, பெரியவர் பேச்சுக்கு மதிப்பில்லையா, படித்த திமிரா என்று சத்தம் போட்டாராம். அது கேட்டுக்கொண்டு நின்றதே தவிர வாயைத் திறக்கவில்லை என்று அவரே போனில் வருத்தப்பட்டார்.

5

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காலையில் அண்ணி பாக்கியம் யாழினிக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மேல் உயிர் அவருக்கு. யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது மல்லிகாவுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று மாதம் அண்ணிதான் வளர்த்தார். எண்ணெய் வைத்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று அவள் கையைப் பிடித்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டார்.

"எந்தங்கமே, இந்தக் கைய ஏன்டி இப்படிப் பண்ணி வச்சிருக்க. பெரியம்மா இருக்கேன்ல, எங்கிட்டச் சொல்லக்கூடாதா."

அப்படியே மடியில் போட்டுக்கொண்டு அழுதார். கறிவேப்பிலை கொடுக்க வந்த செவந்தியக்கா வாசலில் நின்றது. என் சித்தப்பா மகள், இரண்டு தெரு தள்ளி வீடு. அது கையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, கறிவேப்பிலையை அப்படியே வைத்துவிட்டுப் போனது.

யாழினி அழவில்லை. சட்டைக் கையை இறக்கினாள். பெரியம்மாவின் கண்ணைத் தன் விரலால் துடைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போகும்போது என்னிடம் ஆங்கிலத்தில் மூன்று சொல் சொன்னாள். அந்தக்கா சொல்லிவிட்டார்கள். தேன்மொழியைத்தான் சொன்னாள்.

அன்று முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. மல்லிகா வாசலில் உட்கார்ந்து, உள்ளே பதில் வருகிற அளவுக்கு ஏதாவது பேசிக்கொண்டே இருந்தாள். ம் என்று மட்டும் வரும். அதுவும் வராமல் போன நேரங்களில் நான் கதவில் காதை வைத்தேன்.

"இனிமே ஹெலன்கிட்டயும் பேசமாட்டாளாம்" என்றாள் மல்லிகா என்னிடம். "எல்லாரும் சொல்லிருவாங்கன்னு சொல்றா."

கல்யாண வேலையாக வெளியே போயிருந்த அண்ணன் மத்தியானம் வந்தார். நடந்ததைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டியபடியே முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தக் கதவுக்கு முன்னால் போனார். என் அண்ணன் ஒரு பிள்ளையிடம் தாழ்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"யாழினி, பெரியப்பா பேசுறேன். அந்தத் தேன்மொழிப் புள்ள ஒரு வார்த்தை சொல்லல. நான் கேட்டேன், சொல்லல. அவங்கப்பனவிட்டு வையச் சொன்னேன், அப்பவும் சொல்லல. ஒங்கப்பன் என்னமோ மனசு பொறுக்காம எங்கிட்டச் சொன்னான். நான் ஒங்க பெரியம்மாகிட்டச் சொன்னேன். பெரிய ஆளுக நாங்க பண்ணுனது. அந்தப் புள்ளைய நீ தப்பா நெனைக்காத."

அண்ணன் நகரவில்லை.

"அவங்க சொல்லலையா?" என்று தமிழில் குரல் வந்தது.

"கொலசாமி சத்தியமாச் சொல்லல."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து: "திங்கக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா பெரியப்பா?"

"வாரேன்ம்மா" என்றார் அண்ணன். திங்கட்கிழமை அவர்தான் கூட்டிப்போனார். இந்த முறை தேன்மொழியின் அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லையாம். மரத்தடியிலேயே இருந்துவிட்டாராம்.

6

கல்யாணம் குளத்தூரில் ஒரு மண்டபத்தில். அண்ணன் அன்று கோபப்பட்டிருந்தாலும் பங்காளி வீட்டை அழைக்காமல் முடியாது. வாத்தியார் குடும்பத்தோடு வந்தார். தேன்மொழியும் வந்தது, பச்சைப் பட்டு, கையில் மொய்க் கவர். யாழினி மல்லிகாவின் சேலையைக் கட்டி, முழங்கை தாண்டிய ரவிக்கை போட்டிருந்தாள். அதை மல்லிகா உட்கார்ந்து தைத்திருந்தாள்.

முகூர்த்தம் முடிந்து ஜனங்கள் பந்திக்கு நகரும் நேரம். பெண்கள் கூட்டமாக நின்ற இடத்தில் செவந்தியக்கா யாழினியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பிரியமாகப் பிடித்திருப்பதுபோல்தான் இருந்தது. அந்த வழியாக வந்த தேன்மொழியைக் கூப்பிட்டது.

"ஏம்மா தேனு, இங்க வா. இந்தப் புள்ளையத் தெரியுமா ஒனக்கு?"

நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியாஸ்பத்திரியில் அது என்ன வேலை பார்க்கிறது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று ஒரு சொல் வந்தால் போதும், பந்தி முடிவதற்குள் மண்டபம் முழுக்கப் போய்விடும். நான் ஆண்கள் பக்கத்தில் நின்றிருந்தேன். என் பக்கத்தில் அண்ணன். அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

தேன்மொழி யாழினியை நன்றாகப் பார்த்தது. அவசரமே இல்லை.

"தெரியலையே அத்தை. யாரு வீட்டுப் புள்ள?"

"தெரியலையா? ராசுவோட தம்பி மக. லண்டன்."

"அப்படியா. சித்தப்பா மகளா? சின்னப் புள்ளையில பாத்தது, அடையாளம் தெரியல." அது ஒரு அடி முன்னால் வந்தது. "பேரென்னம்மா?"

எங்கள் பக்கம் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணி உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"யாழினி" என்றாள் என் மகள். வந்த நாளிலிருந்து அவள் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

"நல்ல பேரு. என்ன படிக்கிற?"

"பத்தாவது முடிச்சிருக்கேன்க்கா."

"நல்லாப் படி. சாப்பிட்டியா? போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அது பந்திக்குப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. செவந்தியக்கா யாழினியின் தோளிலிருந்து கையை எடுத்தது.

அண்ணன் வாத்தியாரைத் தேடிப்போய், அவர் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னார். தேன்மொழியிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அவ்வளவு பேருக்கு நடுவில் அது எதற்கென்று சொல்ல வேண்டியிருக்கும்.

7

இங்கே திரும்பி வந்தபின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. குளிர்காலத்தில் மறுபடி நடந்தது. ஹெலன் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார், யாழினியிடம் சொல்லிவிட்டு, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அன்று ஒரு பகுதி எங்களுக்குத் தெரிந்தது. எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவள் முடிவு செய்தாளோ அவ்வளவு. மல்லிகா கேள்வி எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு எங்களுக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இப்போது நன்றாக இருக்கும் வாரங்கள் கூடியிருக்கின்றன. கெட்ட வாரங்களும் வருகின்றன. ஹெலனிடம் பஸ்ஸில் தானே போய்வருகிறாள். அவள் கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது என் கண் அங்கேயே போகும். திருப்பிக்கொள்வேன். பெற்ற பிள்ளையின் கையைப் பார்க்காமல் திருப்பிக்கொள்வது எப்படி இருக்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்கு என்னால் விளக்க முடியவில்லை.

கல்யாணம் முடிந்து அன்று மத்தியானம் காரில் திரும்பியபோது நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மல்லிகா முன்னால் கண்ணயர்ந்திருந்தாள். யாழினி என் பக்கத்தில், தலையில் வாடிய மல்லிகையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

"அந்தக்கா ஒன்னைய நெசமாவே மறந்துட்டாங்க போல. பேரெல்லாம் கேட்டாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தெரிந்தே கேட்கிறேனா, தெரியாமல் கேட்கிறேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"இல்லப்பா" என்றாள். "அவங்களுக்கு என்னைய நல்லா ஞாபகம் இருக்கு. அதான் பேர் கேட்டாங்க."